புளிக் காலத்தில் வந்த பல் டாக்டர்

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் வாயில் இருப்பது கூடப் பிறந்த பல்? படுக்கப் போகுமுன் கழற்றி டம்ளரில் போடுகிறவர்கள் கையைத் தூக்க வேண்டாம். என் வாயில் முப்பத்திரண்டும் சொந்தம். சந்தேகம் இருந்தால் ஆலங்காயத்துக்கு வந்து புளி மண்டி எங்கே என்று கேளுங்கள். என் மண்டியைத்தான் காட்டுவார்கள். மூட்டையைப் பிரித்து ஒரு சுளையைக் கடித்தால் போதும், அது மலையில் எந்தச் சரிவில் காய்த்தது, கோடை மழைக்கு முன்னால் உலுக்கியதா பின்னால் உலுக்கியதா என்று சொல்லிவிடுவேன். படித்த வியாபாரிகள் பையில் சாம்பிளைப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நிற்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். லாரி, மண்டி, மாடி வீடு எல்லாம் இந்தப் பல்லும் நாக்கும் சம்பாதித்தவை. எழுத்தும் நானேதான் எழுதுகிறேன், ஆள் வைத்து எழுதவில்லை. பெருமை அடிக்கிறாள் என்பீர்கள். அடிக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது என் பல்லைப் பற்றி அல்ல. என் அக்காவின் மேல்வரிசை முன்பல் இரண்டைப் பற்றி.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஒரு சரிவில் இருந்தது. நடுவில் பள்ளம், அதன் அடியில் ஓடை, அந்தப் பக்கம் இன்னொரு சரிவு, அதில் இன்னொரு ஊர். கண்ணால் பார்த்தால் கூப்பிடு தூரம். நடந்து போனால் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இரண்டு ஊருக்கும் பேச்சு சீட்டியில்தான். ஆடு தவறிப்போனால் ஒரு சீட்டி. கரடி இறங்கினால் ஒரு சீட்டி. சாவு விழுந்தால் வேறு ஒன்று. நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. மேலே ஒரு ஜீப் வந்தால் ஊரே களையெடுப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடும்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். ஆடு அவள் பொறுப்பு. சீட்டி அடிக்க விரல் வைக்க மாட்டாள். முன்பல் இரண்டுக்கும் பின்னால் நாக்கை மடித்து ஊதுவாள். அடியில் மெல்ல ஆரம்பித்து, கொடுவாளின் நுனி மாதிரி கடைசியில் மேலே வளைந்து நிற்கும் அந்தச் சத்தம். பாறை மறைவில் மேயும் ஆடெல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கும். சாயங்காலம் சாமைக் கொல்லை மேட்டில் அவள் நின்று ஊதினால், கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச் சரிவிலிருந்து இன்னொரு சீட்டி வரும். கனத்த சீட்டி, அடுத்தடுத்து இரண்டு தரம். அது யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு இது பிடிக்காது.

"பொட்டப் புள்ள சீட்டி அடிச்சா வூடு வெளங்குமா?"

"ஆட்ட ஒண்ணொண்ணா பேரு சொல்லிக் கூப்புடட்டா?" என்பாள் அக்கா.

"ஆடு இந்தப் பக்கம் மேயிது. நீ ஏன்டி அந்தப் பக்கம் திரும்பி ஊதற?"

அக்கா சிரிப்பாள். வாயை முழுசாகத் திறந்து சிரிக்கிற சிரிப்பு. முன்பல் ஒன்றின் ஓரம் லேசாகச் சிதைந்து கறுத்திருக்கும், வறுத்த புளியங்கொட்டையைக் கடித்து வந்த வினை. அந்தக் கறுப்பும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒருவன் எதிர்ச் சரிவிலிருந்து சீட்டி அடிக்கிறான், பெண் பதில் கொடுக்கிறாள் என்றால் அவளுக்குச் சம்மதம். நாலு பேர் வந்து பேசலாம். ஒரு அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரைக்கும் பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்பது கேவலம். கேட்டவனைச் சொந்த ஊரே ஏசும். இதை உங்களில் மலைக்காரர்கள் அறிவீர்கள். கீழே இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் புளிக் காலம் வந்தது.

அந்த வாசனையை நான் இன்றைக்கும் பணம் கொடுத்து முகர்கிறேன், ஆனால் அது வேறு. அன்றைக்கு ஊர் முழுக்க டொக் டொக் என்று ஓடு உடைபடும். வாசலெல்லாம் பாயில் புளி காயும். விரலெல்லாம் பழுப்பேறி, வெடிப்பில் புளி இறங்கி எரியும். நாங்கள் பிள்ளைகள் செங்காயைப் பறித்து ஓட்டை உரித்து உப்பில் தொட்டு முன்பல்லாலேயே சுரண்டித் தின்போம். பெரியவர்களும் நார் எடுக்கும்போது சும்மா இருக்க மாட்டார்கள், வாய்க்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே மாசி பிறந்தால் ஊரில் எல்லாருக்கும் பல் கூசும். ஓடைத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. காற்று பட்டால்கூட விர்ரென்று இருக்கும். மார்கழியில் குளிருகிற மாதிரி, மாசி பங்குனியில் கூசும். அதை ஒரு நோய் என்று யாரும் நினைத்ததில்லை. அந்த மாதங்களில் கேழ்வரகுக் களிதான் சாப்பாடு. பல்லுக்கு வேலை கொடுக்காமல் உருட்டி விழுங்கலாம். புளி முடிந்து ஆடி மழை விழுந்தால் கூச்சமும் போய்விடும்.

பல் டாக்டர் வந்தது பங்குனியில்.

முதல் நாளே ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், கீழேயிருந்து பெரிய டாக்டர் வருகிறார், எல்லார் வாயையும் இலவசமாகப் பார்ப்பார் என்று. என் அப்பா ஊர்ப் பெரியவர். மேலே வருகிற அதிகாரிகளுக்கு முதல் கும்பிடு அவருடையது. கோழி அடித்தார், பலாப்பழம் அறுத்தார், தேன் எடுத்து வைத்தார். பள்ளிக்கூடத்து நாற்காலியை வேப்ப மரத்தடியில் போட்டார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய டாக்டர் சின்ன வயதுக்காரர்தான். வழியில் வாந்தி எடுத்திருப்பார் போல, முகம் வெளுத்திருந்தது. நல்ல மனிதர். அதை நான் இன்றும் சொல்வேன். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், ஒரு கிழவரைக் கைபிடித்து உட்கார வைத்தார். கூட ஒரு கம்பவுண்டர். அவர் அடுப்பு மூட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இடுக்கிகளைப் போட்டார். பல்லை அடைக்கிற மருந்தோ சாமானோ மலைக்கு வரவில்லை. இடுக்கி மட்டும்தான் வந்தது.

முதலில் உட்கார ஆள் இல்லை. எல்லாரும் மரத்தைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். அப்பாவுக்கு மானம் போகிற மாதிரி ஆகிவிட்டது.

"எம் பொண்ணு மொதல்ல ஒக்காருவா. அப்புறம் ஒங்களுக்கு இன்னா பயம்?" என்றார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலெல்லாம் புளி. நான் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன், அடுத்தது நான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

டாக்டர் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "புளிப்பு பட்டா கூசுதாம்மா?" என்று கேட்டார்.

"கூசுதுங்க."

"தண்ணி குடிச்சா?"

"ரொம்பக் கூசுதுங்க."

"எங்க அதிகம்?"

அக்கா முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள். செங்காய் சுரண்டுவது அதில்தானே. கறுத்த ஓரத்தை டாக்டர் கொக்கி மாதிரி ஒன்றால் குத்தினார். அக்கா துள்ளினாள். அவர் அப்பாவைப் பார்த்து, "ரெண்டும் கெட்டிருக்கு பெரியவரே. விட்டா பக்கத்துப் பல்லுக்கும் போயிடும், பாத்துடலாமா?" என்றார்.

"பாருங்க சாமி. நீங்க பாத்தா சரி," என்றார் அப்பா. அவர் பார்ப்பது என்றால் பார்ப்பது என்றுதான் நினைத்தார். வீடு தேடி மேலே ஏறி வந்தவரிடம் எதற்கு, என்னத்துக்கு என்று கேட்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை.

டாக்டர் ஊசியை எடுத்ததும் கம்பவுண்டர் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், எடுக்கப் போறோம்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமா?"

"சொன்னா பயந்து எழுந்து ஓடிடும். அப்புறம் ஒருத்தரும் ஒக்கார மாட்டாங்க. எடுத்துட்டுச் சொல்லிக்கலாம்."

பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது. ஒன்பது வயது. எதை எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வாயில் மாட்டியிருக்கும் புளி நாரை எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

ஊசி போட்டார்கள். உதடு மரத்துப்போனதில் அக்கா சிரிக்கப் பார்த்தாள், ஒரு பக்கமாகப் போயிற்று. எல்லாரும் சிரித்தோம். அதுதான் கடைசி. அப்புறம் இடுக்கி போனது. வலி இல்லாததால் அவள் கத்தவும் இல்லை. பஞ்சைக் கடிக்கச் சொன்னபோது மேல்பல்லைத் தேடிக் கீழ்ப்பல் காற்றில் கடித்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். அழவில்லை.

"எம் பல்லக் குடுங்க," என்றாள். பஞ்சோடு சொன்னதால் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தால் மறுபடி முளைக்கும் என்று நாங்கள் செய்வோம். பால்பல்லுக்கு உண்டான வழக்கம் அது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதுகூட மறந்துபோயிற்று.

"பல்லு வேணுமாம்," என்று நான் சொன்னேன். கம்பவுண்டர் வாளியைக் காட்டினார். பஞ்சும் ரத்தமுமாக இருந்த அதில் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் அதைக் குழியில் கொட்டி மண் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது நான். என் கதையைக் கேளுங்கள், இதில் மட்டும் எனக்குச் சந்தோஷம். நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்த கம்பவுண்டர் என் வாயைத் திறக்க விரலை விட்டார். கடித்தேன். எப்படிக் கடித்தேன் என்றால், ஆடிக்கொண்டிருந்த என் பால்பல் அவர் விரலோடு போய்விட்டது. அவர் "ஐயோ" என்று கையை உதறுவதற்குள் நான் புளிய மரத்தின் உச்சியில். ஜீப் கிளம்பிப் போகிற வரைக்கும் இறங்கவில்லை. இந்த முப்பத்திரண்டு அன்றைக்கு நான் காப்பாற்றியது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மரத்து மேலிருந்து பார்த்தேன். அக்கா உட்கார்ந்தாள் என்ற தைரியத்தில் ஊர் ஜனம் வரிசையாக உட்கார்ந்தது. ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. "கூசுதா?" ஒவ்வொருவரும் அதே பதில். "கூசுதுங்க." டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். இந்த மலையில் இப்படி ஒரு பல் நோயா என்று நினைத்திருப்பார், பாவம். எதைத் தின்கிறீர்கள், எப்போதிலிருந்து, போன ஆடியில் கூசியதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஊரே சேர்ந்து பதில் சொல்லியிருக்கும். சுற்றிலும் பாயில் புளி காய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பே அதன் நடுவில்தான் நின்றது.

அன்று சாயங்காலம் அக்கா மேட்டுக்குப் போகவில்லை. ஆடு வரவில்லை என்று அப்பா கத்திக் கத்திக் கூப்பிட்டார். எதிர்ச் சரிவிலிருந்து சீட்டி வந்தது. இரண்டு தரம். அக்கா களியைத் துழாவிக்கொண்டிருந்தாள். துடுப்பு நின்றது, மறுபடி ஓடியது.

வீக்கம் வற்றியபின் மேட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நாக்கை மடித்தாள், ஊதினாள். ஊதுலையில் துருத்தி கிழிந்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். உதட்டைக் குவித்து, விரலை வைத்து, வெற்றிலையை மடித்து வைத்துக்கூடப் பார்த்தாள். எதிரில் வெள்ளைத் துண்டு நின்றது. அந்தப் பக்கத்துச் சீட்டி வந்து எங்கள் பாறையில் பட்டுத் திரும்பிப் போனது.

"நீ ஊது சின்னவளே," என்றாள்.

எனக்கு அப்போது முன்பல் ஒன்று இல்லை, மரத்தடியில் விட்டுவிட்டு வந்தவள்தானே. ஊதினேன். எச்சில்தான் தெறித்தது.

"ஆள் அனுப்பிச் சொல்லலாமில்ல?" என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? எனக்குப் பல்லு போய்ட்டுது, அதான் கூப்புட முடியலன்னா? சிரிப்பானுங்க."

அம்மாவிடம் ஒருநாள் அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அம்மா நிமிரவில்லை, கொட்டை தட்டிக்கொண்டே சொன்னாள். "அடிக்காத அடிக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேன். சாமியே வந்து வாங்கினு போய்ட்டுது." அதில் கோபமும் இல்லை, கொஞ்சம் நிம்மதிதான் இருந்தது. இப்போது நினைத்தால் தெரிகிறது. பள்ளம் தாண்டி மகளைக் கட்டிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

எதிர்ச் சரிவில் சீட்டி நின்றுவிடவில்லை. அடுத்த அமாவாசை வரைக்கும் தினம் வந்தது. மேகம் மூடி எதிர்ப்பக்கம் தெரியாத நாளில்கூட வந்தது. அமாவாசை அன்று மட்டும் மூன்று தரம் வந்தது. மறுநாள் இல்லை. அந்த ஊரிலிருந்து ஒரு கூட்டம் காப்பித் தோட்ட வேலைக்கு மேற்கே போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டோம். வெள்ளைத் துண்டுக்காரரும் அதில் ஒருவர். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வழக்கம் அப்படி.

ஆடியில் டாக்டர் மறுபடி வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே, மழையில் ஜீப் சேற்றில் மாட்டித் தள்ளித் தள்ளி வந்தார். தான் பார்த்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. நல்ல மனிதர் என்று சும்மா சொல்லவில்லை. இந்தத் தரம் மழைக்காக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். ஜனம் வந்தது. "கூசுதா?" என்று கேட்டார். "இல்லீங்க சாமி." அடுத்தவர். "இல்லீங்க." பல் எடுத்தவர்களும் இல்லை என்றார்கள், எடுக்காதவர்களும் இல்லை என்றார்கள். டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் கை ராசி என்று நினைத்தார். ஒருத்தர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"உனக்கு எப்படிம்மா இருக்கு? கூசுதா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு சொன்னாள். "இல்லீங்க. புளி முடிஞ்சிடிச்சி."

"புளியா?"

அப்பாதான் விளக்கினார், பெருமையாக. "புளிக் காலத்துல எல்லாருக்கும் கூசுங்க சாமி. பச்சக் கொழந்திக்குக்கூட. மழ வுழுந்தா போய்டும். வருசா வருசம் நடக்கறதுதான்."

டாக்டர் எழுந்தார். வெளியே போய்க் கூரைத் தண்ணீரில் கையை நீட்டிக் கழுவினார். யார் வாயிலும் கை வைக்காமல் எதற்குக் கழுவுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வாசலுக்கு வந்து அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று இருந்தது. வாய் திறந்தது. அப்பா கோழிக் குழம்பு தயார் என்றார். "வேணாம் பெரியவரே, மழை அதிகமாகறதுக்குள்ள எறங்கணும்," என்று கிளம்பிவிட்டார்.

"ஒடம்பு சரியில்ல போல," என்றார் அப்பா.

டாக்டருக்கு அன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் பல் முளைத்திருக்காதுதான். ஆனால் சாமி வாங்கிக்கொண்டு போனது என்று அக்கா இத்தனை வருடம் நம்பியிருக்க மாட்டாள்.

அக்காவைச் சந்தவாசல் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல குடும்பம், நெல்லும் கரும்பும். ஆடு இல்லை. இரண்டு பிள்ளைகள். ஆனால் பேசினாலும் சிரித்தாலும் கை வாய்க்குப் போகும். பிள்ளைகள் அம்மா சிரிக்கிற விதமே அதுதான் என்று நினைத்து வளர்ந்தார்கள்.

எனக்கு வசதி வந்தபின், பல்லைக் கட்டிக்கொள் என்று பல தரம் சொன்னேன். "பழகிடிச்சி, வுடு," என்பாள். போன வருடம்தான் சம்மதித்தாள். வாணியம்பாடியில் ஒரு பல் டாக்டர் அம்மா, என் மகள் வயது. உள்ளே போனதும் நான் சொன்னேன். "எவ்வளவு ஆனாலும் சரிங்க, உசத்தியானதா வையுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்கம்மா. அவங்க வாய், அவங்க சொல்லட்டும்," என்றது. என்னை அப்படி உட்காரச் சொல்ல இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. நான் வாசல்படிக்கு அப்பால் போகவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

அது ஒரு கைக்கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தது. அக்கா முதல் தடவையாகத் தன் வாய்க்குள் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் கேட்டது. "புதுப் பல்லு வச்சி என்னம்மா செய்யணும்னு ஆசை?"

அக்கா என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். "சீட்டி அடிக்கணுங்க," என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எப்படி அடிப்பீர்கள், விரல் வைத்தா, நாக்கு எங்கே படும் என்றெல்லாம் கேட்டது. கேட்டுவிட்டு, "சாப்பிடலாம், பேசலாம், நல்லா சிரிக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு. சீட்டி வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா. வராமலும் போகலாம். தெரிஞ்சே வச்சிக்கிறீங்களா, வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வர்றீங்களா?" என்றது.

அக்கா அங்கேயே யோசித்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை. "வையுங்க," என்றாள். வண்டியில் திரும்பும்போது என்னிடம் சொன்னாள். "முன்னாடியே சொல்லிட்டா பாரு." வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இந்த மாசியில் புளி பார்க்க மேலே போனபோது அவளையும் ஏற்றிக்கொண்டேன். எங்கள் ஊருக்கு இப்போது தார் ரோடு. சாமைக் கொல்லை மேட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது, எதிர்ச் சரிவும். அக்கா நாக்கை மடித்தாள். ஊதினாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் ஊதினாள், அதுவும் காற்றுதான்.

நான் வந்து பக்கத்தில் நின்றேன். முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு ஊதினேன். எனக்கும் காற்றுதான். எச்சில் தெறித்தது, ஒன்பது வயதில் தெறித்த மாதிரியே. அக்கா சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

எதிரில் யாரும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மேற்கே போனவர் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நின்றோம், காதைக் கொடுத்துக்கொண்டு.